அடிவரைக்கும் நல்ல காய்

பாலக்கோட்டுப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு என் குணம் தெரியும். நான் எதையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. பால் பாக்கெட் வாங்கினால் தேதி பார்ப்பேன். மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பிப் பார்ப்பேன். நம் வாட்ஸ்அப் குழுவில் யாராவது எதையாவது போட்டு எல்லாருக்கும் அனுப்பச் சொன்னால், இதை யார் சொன்னது என்று கேட்டு வம்புக்கு இழுப்பவளும் நான்தான். போன மாதம் வரை அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்கென்ன, மணியா அடிக்கப்போகிறது.

இந்தக் குணம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. தக்காளி மண்டி வைத்திருந்தாரே, அவரை உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, இடது பை நிறைய காகிதம், யார் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிற கண். சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் பஸ் கூரையிலும் டிராக்டரிலும் கொண்டுவரும் கூடைகளை வெளியூர் லாரிக்காரர்களுக்கு விற்றுக் கொடுப்பது அவர் தொழில். கூடையின் மேல்தட்டில் அடுக்கியிருக்கும் காய் ஒவ்வொன்றும் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்கும். அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து நாலு காய் எடுத்து வெளியே போடுவார். கோலிக்குண்டு மாதிரி நாலு காய் உருளும். கொண்டுவந்தவர் அசட்டுச் சிரிப்பு சிரிப்பார். மனிதர்களிடமும் அவர் இப்படித்தான். பேசிக்கொண்டே இருப்பார், கை மட்டும் அடியில் துழாவிக்கொண்டே இருக்கும்.

அவருக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. இங்கே ஏற்றிவிட்டால் விற்றதாக ஆகாது. பாலக்கோட்டில் நல்ல காய் என்று எடுத்த லோடு மெட்ராஸில் போய் இறங்கும்போது, காய் அடிபட்டிருக்கிறது, வேண்டாம் என்று கழித்துக் கட்டுவார்கள். திரும்பி வந்த தக்காளியை மாடுகூட முகர்ந்து பார்க்காது. அதனால் லாரி கிளம்பும் முன்பே அந்தப் பக்கத்தில் ஒருவரைப் பிடித்துச் சொல்லி வைக்க வேண்டும். "அங்க ஒரு ஆளு இல்லாம லோடு ஏத்துறவன் பைத்தியக்காரன்" என்பார். இதை நான் ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

என் அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவன். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அவன் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கப்பற்படைக்கு எழுதிப் போட்டான். நம் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. கப்பலுக்குப் போனவர் யாரும் கிடையாது. அவன் பார்த்த அதிகபட்சத் தண்ணீர் எங்கள் தோட்டத்துக் கிணறுதான். அதில் மேல்படியிலிருந்து தலைகீழாகக் குதித்து, அடியில் போய் ஒரு பிடி சேறு எடுத்துக்கொண்டு வந்து காட்டுவான். பரீட்சையைச் சேலத்தில் போய் எழுதினான். மெட்ராஸில் போய் ஓடிக் காட்டி, மார்பை அளந்து காட்டிவிட்டு வந்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டில் சொன்னான். அப்பா அவன் இடது காதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதை அன்று நான் கவனித்தேன், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காதுக்கு ஒரு கதை உண்டு. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிணற்றில் கிடந்தவனை அப்பா மேலே வரவழைத்து ஓங்கி ஓர் அறை விட்டார். ஈரத்தோடு விழுந்த அறை. அதற்கப்புறம் பல மாதம் அந்தக் காதில் சீழ் வடிந்தது. அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிப் பஞ்சில் நனைத்து விடுவாள். இன்றைக்கும் பூண்டு எண்ணெய் வாசனை வந்தால் அண்ணன் தலையைச் சாய்த்துக்கொண்டு அம்மா மடியில் படுத்திருப்பதுபோல இருக்கும். பிறகு சரியாகிவிட்டது. ஆனால் அவன் ஏதாவது யோசனையில் இருந்து, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாவிட்டால் அப்பாவின் முகம் மாறிவிடும். கோபம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் காய் எக்கச்சக்கமாக விளைந்து விலை போகாமல் கிடந்தது. ரோட்டோரம் கொட்டிய தக்காளியில் எருமைகள் வாயெல்லாம் சிவப்பாக நின்றன. ஊர் முழுக்கப் புளித்த நாற்றம். அண்ணன் தினமும் காலையில் வீட்டு வாசல் கேட்டுக்குப் போய் நிற்பான். தபால்காரர் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக் கடிதத்தை எல்லாம் அவர் மண்டியிலேயே அப்பாவிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அது அண்ணனுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டில் போய் நிற்பான்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள், மண்டித் தராசில் வைத்த சந்தனப் பொட்டுகூடக் காயவில்லை, அப்பா என்னை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். மண்டியில் அவ்வளவு கூடை அடுக்கியிருக்க, எங்கள் சொந்தச் செடியில் காய் பறித்தார். முழுப் பழமாக இல்லாமல் செங்காயாகப் பார்த்துப் பறிக்கச் சொன்னார். நானும் பறித்தேன். தக்காளிச் செடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும், விரலெல்லாம் பச்சையும் கறுப்புமாக ஒரு கறை பிடிக்கும், சோப்புக்குப் போகாது. கூடையில் வைக்கோல் பரப்பி அவரே அடுக்கினார். மேலே எப்படியோ அடியிலும் அப்படியே. ஒரு பொடிக்காய் விழுந்தாலும் எடுத்து வெளியே போட்டார். எனக்கு மூக்கில் வேர்த்தது. அடிவரைக்கும் நல்ல காய் வைத்து எங்கப்பா யாருக்கும் கொடுத்ததில்லை.

"இது யாருக்குப்பா?"

"நல்லம்பள்ளியில ஒரு மிலிட்டரிக்காரரு இருக்காரு. அவருக்கு."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும் எதுக்குன்னு கேக்காத. நீயும் கூட வா. பொம்பளப் புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போனா வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்ப மாட்டாங்க. அண்ணங்கிட்டச் சொல்லக் கூடாது, தெரிஞ்சுதா?"

பஸ்ஸில் தர்மபுரி போய், அங்கே இன்னொரு பஸ் மாறினோம். கூடை பின்படிக்கட்டுப் பக்கம் நின்றது. அப்பாவின் ஒரு கண் அதன் மேலேயே இருந்தது. நான் அவர் மார்பில் சாய்ந்து தூங்கப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரின் மூலை என் கன்னத்தில் குத்தியது. கண்ணைத் திறந்து பார்த்தால் பழுப்பு நிறக் கவர், மேலே சிங்க முத்திரை. இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்தேன். பாதி வருவதற்குள் அப்பா கையில் சுள்ளென்று ஒன்று வைத்தார்.

"அதத் தொடாத!"

கவரை உள்ளே தள்ளி, மேலே கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்போது இருந்ததை என் வாழ்நாளில் மறக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகம் என்று அன்று முடிவு செய்துகொண்டேன். யாரிடமோ வாங்கிய சிபாரிசுக் கடிதம் அது, மிலிட்டரிக்காரரிடம் கொடுக்கப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து வயதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்.

மிலிட்டரிக்காரர் ஒல்லியாக, விறைப்பாக இருந்தார். பெரிய மீசை எல்லாம் கிடையாது. கூடையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அவர் மனைவி எனக்கு ஒரு தட்டில் முறுக்கு வைத்து வெளியில் உட்காரச் சொன்னார். நான் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். முறுக்கைக் கடித்தால் சத்தம் வரும் என்று வாயில் ஊறவைத்துத் தின்றேன்.

அப்பாவின் குரல் தணிந்திருந்தது. "உட்பட்டுன்னுதானுங்க போட்டிருக்கான். அப்ப இன்னும் முடியலன்னுதானுங்களே அர்த்தம்?"

"எல்லாத்துக்கும் அப்படித்தாங்க போடுவாங்க மண்டிக்காரரே. பயப்படாம போங்க."

"இல்லீங்க, அங்க போயிக் கழிச்சு உட்டுட்டான்னா? நீங்க ஒரு வார்த்தை சொல்லி வச்சீங்கன்னா..."

"எனக்கு அங்க யாருங்க இருக்காங்க? நான் பட்டாளம், அது கப்பலு."

எட்டிப் பார்த்தேன். அப்பா தன் இடது காதை விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மிலிட்டரிக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது இரண்டு பேருக்குள் வைத்துக்கொண்ட சைகையாகப் பட்டது. மண்டியில் கண்ஜாடை, விரல்ஜாடை எல்லாம் பார்த்து வளர்ந்தவள் இல்லையா. பிறகு மிலிட்டரிக்காரர் பெருமூச்சு விட்டபடி, "சரிங்க, சொல்லி வைக்கறன். நிம்மதியாப் போங்க" என்றார்.

முதலில் வேண்டாம் என்பதும் பிறகு இறங்கி வருவதும் நான் தினமும் பார்க்கிற வியாபாரம்தான். யாரும் எடுத்த எடுப்பில் சரி என்று சொல்வதில்லை. ஆக, படிந்துவிட்டது என்று எழுந்து பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டேன். திரும்பும்போது அப்பா தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் எனக்குச் சிவப்பு ரிப்பன் வாங்கித் தந்தார். அதையும் வாயை மூடக் கொடுத்தது என்றே குறித்துக்கொண்டேன்.

இன்னும் இரண்டு தடவை கூடை போயிற்று. மூன்றாம் தடவை மிலிட்டரிக்காரர் அப்பாவின் கையைப் பிடித்து, "முடிஞ்சுதுங்க, இனிமே வராதீங்க" என்றார். அன்று சாயங்காலமே அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். "வந்துருச்சுடா. தபால்ல எங்கியோ சுத்திட்டு வந்துருக்குது" என்றார். அண்ணன் அங்கேயே அம்மாவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். நான் கவரைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மண்டியில் லாரிக்காரர்களுக்கு எல்லாம் டீ. ஒருவர் கேட்டார், "பையன் கெட்டிக்காரன்தான் போலிருக்குதுங்களே?" அப்பா சிரித்தார். "கெட்டிக்காரன்தானுங்க. ஆனாக்க அந்தப் பக்கம் நமக்கு ஆளு இல்லாம எதுதானுங்க நடக்குது?" அண்ணன் கூடைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் அண்ணன் என்னைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"பாப்பா, நீ அப்பா கூடவே சுத்துற. உண்மையச் சொல்லு. நான் நானாப் பாஸ் பண்ணுனனா, இல்ல அப்பா ஆளப் புடிச்சாரா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

"நானாப் போறன்னா என்ன கஷ்டம் வந்தாலும் நின்னுருவன். அவரு புடிச்சுக் குடுத்த எடம்னா அங்க ஒருத்தன் மூஞ்சியப் பாத்து நான் பேச முடியாது. இன்னொருத்தன் சோத்துல கை வச்ச மாதிரி இருக்கும்."

எனக்கு ரிப்பன் நினைவு வந்தது. "விசாரிச்சுச் சொல்றன்" என்றேன். என்ன விசாரிக்கக் கிடந்தது எனக்கு? எல்லாம் கையில் இருந்தது. அடிவரைக்கும் நல்ல காய், கவர், காதைத் தட்டிய சைகை, சொல்லி வைக்கிறேன் என்ற வார்த்தை. சொல்வதற்கு நல்ல இடம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பெரிய மனுஷியாக ஆவதற்கு அப்படி ஒரு வாய்ப்பு எனக்கு அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

அவன் கிளம்பிய நாளில் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நாங்கள் எல்லோரும் நின்றோம். தகரப் பெட்டி, புதுச் செருப்பு, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. பஸ் நகரப் போகிற நேரத்தில் அவன் ஜன்னலிலிருந்து குனிந்தான். நான் எக்கி அவன் காதில், "அப்பாதான். மூணு கூடை போச்சு. நான் பாத்தன்" என்றேன்.

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அப்பா கையை ஆட்டிக்கொண்டே பஸ்ஸின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரிசாவில் பயிற்சி முடித்துக் கொச்சிக்கு மாற்றினார்கள். அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. கேரளாவுக்குப் போகிற தக்காளி லாரியில் மூன்று மரப்பெட்டி ஏற்றி, கப்பற்படை வாசலில் இறக்கி, பெரிய ஆபீசரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். கூடவே ஒரு கடிதம். பையனுக்குக் கரையிலேயே ஆபீஸ் வேலையாகப் பார்த்துக் கொடுத்தால் மேலே வருவான் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதியவள் நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் இருந்த காவலர் ஆபீசரைக் கூப்பிடவில்லை, அண்ணனைக் கூப்பிட்டார். மற்ற பையன்கள் சுற்றி நின்று பார்க்க, அவனே மூன்று பெட்டியையும் சுமந்துகொண்டு போய்ச் சமையல் கூடத்தில் போட்டான். அப்புறம் அங்கே அவன் பெயர் டமாட்டர், இந்தியில் தக்காளி. இதெல்லாம் எனக்குப் பிற்காலத்தில் தெரிந்தது. அப்போது வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு இன்லண்டு கடிதம். "இனிமேல் எனக்காக யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம்." அடியில் பெயர்கூடப் போடவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்த என்னையும் அதற்கப்புறம் வந்த எந்தக் கடிதத்திலும் அவன் விசாரிக்கவில்லை.

லீவில் வருவான். அம்மாவிடம் பேசுவான். என்னிடம் அளவாகப் பேசுவான். அப்பா வந்தால் எழுந்து போய்விடுவான். வெளியிலிருந்து பார்த்தால் மரியாதைக்கு எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி இருக்கும். அப்பா ஒரு நாள் என்னிடம் கேட்டார். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கண்ணன் ஏன் எங்கிட்டப் பேச மாட்டேங்கறான்? உனக்கு எதாச்சும் தெரியுமா?"

"எனக்கென்னப்பா தெரியும்" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அடியில் துழாவிப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும். மகளிடம் மட்டும் அவர் மேல்தட்டைப் பார்த்ததோடு விட்டுவிட்டார். அவர் இறந்தபோது அண்ணன் கடலில் இருந்தான். காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். எல்லோரும் அழுதார்கள், அவன் மட்டும் பந்தல் கால் மாதிரி நின்றான். கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நானும் அதற்குத் தலையாட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இனி போன மாதம். அண்ணன் இப்போது தர்மபுரியில் இருக்கிறான். கண்புரை ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தான். பென்ஷன் சம்பந்தமாக ஏதோ பழைய காகிதம் கேட்டிருக்கிறார்கள், பெட்டியைப் பார்த்து எடுத்துக் கொடு என்றான். அந்தத் தகரப் பெட்டியேதான். திறந்ததும் துருவும் நாப்தலீனும் மணத்தன. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அடியில், எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு பழுப்புக் கவர் இருந்தது.

"இது என்னண்ணா? உள்ள ஒண்ணும் இல்ல."

"எப்படி இருக்குது?"

"பழுப்புக் கவரு. சிங்க முத்திரை."

"அதா? மொத மொதல்ல வந்த கவரு பாப்பா. லெட்டர அங்கியே வாங்கிக்கிட்டாங்க. கவரு மட்டும் நின்னுருச்சு."

சிங்க முத்திரைக்குக் கொஞ்சம் கீழே ஒரு கறை இருந்தது. பச்சை போய், கறுப்பும் போய், டீக்கறை மாதிரி ஆகியிருந்தது. ஆனால் ரேகை ரேகையாகத் தெரிந்தது. ஒரு சின்னக் கட்டைவிரல். திருப்பினேன். பின்பக்கம் ஆள்காட்டி விரல். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் எப்படி விழுமோ அப்படி.

என் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கறை விரலுக்கு அடியில் மறைந்துபோயிற்று. பஸ், கன்னத்தில் குத்திய மூலை, கையில் விழுந்த அடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாங்கள் முதல் கூடையை எடுத்துக்கொண்டு போன அன்றே இந்தக் கவர் அப்பாவின் பையில் இருந்திருக்கிறது. யாரிடமும் கேட்பதற்கு முன்பே, ஒரு காய் கைமாறுவதற்கு முன்பே, அண்ணனை எடுத்துவிட்டார்கள். எனக்குத் திருட்டுச் சாமானாகத் தெரிந்தது அவன் சொந்த உழைப்பில் வந்த கடிதம்.

"அண்ணா, அந்த லெட்டர்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"எல்லாத்துக்கும் எழுதுறதுதான். இந்தத் தேதிக்கு வந்து சேரு, கடைசி மெடிக்கலுக்கு உட்பட்டுன்னு."

உட்பட்டு. அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்திருக்கிறது. இங்கே ஏற்றியாகிவிட்டது, அங்கே இறங்கும்போது கழிப்பார்கள். எதைச் சொல்லிக் கழிப்பார்கள் என்றும் அவருக்குத் தெரியும். அவர் கை பட்ட காது. கடிதத்தை மகனிடம் கொடுத்து, அவன் ஊரெல்லாம் சொல்லி, ஒரிசா வரை போய்த் திரும்பி வந்து நின்றால் அதற்குக் காரணம் தன்னுடைய அறை என்று அவர் பயந்திருக்க வேண்டும். பயம் மட்டும்தானா, தான் பிடித்துக் கொடுத்ததாக மகன் நினைக்கட்டும் என்ற ஆசையும் சேர்ந்திருந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. மண்டியில் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிய பேச்சை நினைத்தால் இரண்டும் இருந்திருக்கும் என்றே படுகிறது. ஆனால் ஜன்னல் வழியாக நான் பார்த்தது சைகை இல்லை. தான் செய்த ஒரு தப்பை ஒரு அப்பன் முன்பின் தெரியாத ஆளிடம் காட்டிக்கொண்டிருந்தான். அந்த மனுஷர் பாவம், இவரை அனுப்பிவைக்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, பஸ், ஜன்னல், ரிப்பன், விரல் கறை. எதையும் எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லவில்லை. அவன் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நினைக்கிறான் என்று தெரியவில்லை.

பிறகு அவனே சொன்னான். "அங்க கடைசி மெடிக்கல்ல ஒரு டாக்டரு. எனக்கு முன்னாடி நின்னவன அரை மணி நேரம் புரட்டி எடுத்தாரு. எங்காதுல டார்ச்சு அடிச்சுப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, போன்னுட்டாரு. கூடை இங்க வரைக்கும் வந்துருச்சுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டன்."

"அண்ணா..."

"ஆபீசர் ஆவறதுக்கு ஒரு பரீட்சை உண்டு பாப்பா. ரெண்டு தடவ எம் பேரச் சொன்னாங்க. ரெண்டு தடவயும் வேண்டாம்னுட்டன். பின்வாசல்ல வந்தவனுக்கு அது எதுக்குன்னு."

மன்னிப்புக் கேட்டேன். அறுபதை நெருங்குகிறவள், பத்து வயதில் செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது எனக்கே அபத்தமாக இருந்தது. ஆனால் பத்து வயதோடு அது முடியவில்லையே. எனக்கென்ன தெரியும் என்று அப்பாவிடம் சொன்னபோது எனக்குப் பதினெட்டு.

அவன் கையை நீட்டினான். கவரைக் கொடுத்தேன். பார்க்க முடியாததால் விரலால் தடவிப் பார்த்தான். கறை தடவினால் தெரியாது, நான்தான் அவன் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

"காதுக்குத்தான் பயந்தாரா?" என்றான்.

"ஆமாண்ணா."

கவரை மடியில் வைத்துக்கொண்டு இடது காதின் மேல் கையை வைத்தான். சின்ன வயதில் பஞ்சு விழாமல் பிடித்துக்கொள்வானே, அதே மாதிரி.

"இந்தக் காது நல்லாத்தான் பாப்பா கேக்குது. அன்னிக்கும் நல்லாத்தான் கேட்டுது. பஸ்ஸுல குனிஞ்சன் பாரு, நீ சொன்னது இந்தக் காதுலதான்."